வட்டத்துக்குள் சொன்னது

சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் மேல்மாடிக்கு வந்துவிட வேண்டும், பகிர்வு வட்டத்தை இந்த வருடம் பேராசிரியர் சுகிர்தாதான் நடத்திக்கொடுக்கிறார் என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது சுகிர்தா கையில் காலித் தட்டோடு வரிசையில் நின்றிருந்தாள். யாரோ பின்னாலிருந்து முதுகில் ஈரக் கையை வைத்த மாதிரி இருந்தது. முன்னால் நின்ற பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சிரிப்பு இப்போதெல்லாம் தானாக வந்துவிடுகிறது. அதற்கும் ஒரு வகுப்பு எடுத்தார்களே இங்கே, உயர்கல்விப் பெண் தலைவர்கள் கூட்டமைப்பில், பல் தெரியச் சிரித்தால் இளக்காரமாகப் பார்ப்பார்கள், உதடு மட்டும் விரிய வேண்டும் என்று. பருத்திச் சேலை என்றால் படித்தவள், பட்டு என்றால் அதிகாரம் உள்ளவள், சிந்தடிக் என்றால் பஸ்ஸில் வருகிறவள் என்று ஒரு வகுப்பு. குரலுக்கு ஒருத்தி பெங்களூரிலிருந்து வந்தாள், மேடம் உங்க நாகர்கோவில் இழுப்பைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க, கேட்கிறவங்களுக்குச் சிரிப்பு வருது என்றாள். குறைத்துக்கொண்டாயிற்று. முப்பது வருடம் வேதியியல் நடத்திய வாய், ஆய்வகத்தில் பின்வரிசைப் பையன் வரைக்கும் மைக் இல்லாமல் கேட்கும் வாய், இப்போது ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு வெளியே விடுகிறது. அப்படி எடை போட்டுப் பேசித்தான் என்ன ஆயிற்று? பரிமாறுகிறவர் கரண்டியில் பிரியாணியை வைத்துக்கொண்டு, மேடம், மேடம் என்று இரண்டு தடவை கூப்பிட்டபின்தான் தட்டை நீட்டினாள். குளிர்சாதனத்தில் நெய் தட்டிலேயே உறைந்து வெள்ளையாகப் படிந்தது. மதுரை ரிங் ரோட்டில் இப்படியொரு ஹோட்டல், வெளியே வெயில் தார் உருகும்படி அடிக்கிறது, உள்ளே எல்லாப் பெண்களும் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி தலைமைப்பண்பைப் பற்றிப் பேசுகிறார்கள்.

தூணோரம் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் ஒரு பெண் வந்து, மேடம், நான் காளீஸ்வரி, அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் கணிதத் துறை என்றாள். நாற்பது தாண்டியிருக்கும். ராத்திரி தூங்காத கண். காலையிலேயே சுகிர்தா அவளைக் கவனித்திருந்தாள். மற்றவர்கள் ஒருத்தரோடொருத்தர் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது இவள் மட்டும் பையை மடியில் அணைத்துக்கொண்டு வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "எங்க காலேஜில் முதல்வர் பதவிக்கு என் பேரும் போயிருக்கு மேடம். அடுத்த மாசம் தேர்வுக் குழு உட்காருது. யார் வர்றாங்கன்னு நினைக்கிறீங்க? நம்ம கூட்டமைப்பு தெய்வநாயகி அம்மாதான் பல்கலைக்கழகப் பிரதிநிதியா வர்றாங்க. எவ்வளவு தெம்பா இருக்கு தெரியுமா? மத்தது எல்லாம் நிர்வாகத்து ஆம்பளைங்க. நம்மாளு ஒருத்தர் உள்ள இருக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்." சுகிர்தா வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, ஆமா என்றாள். "மேடம், மத்தியானம் வட்டத்தில் எதை வேணும்னாலும் சொல்லலாமாமே, வெளியே போகாதாமே. வீட்ல ஒண்ணு இருக்கு மேடம். யார்கிட்டயும் சொன்னதில்லை. எங்க அம்மாவுக்குக்கூட முழுசாத் தெரியாது. அந்த நிர்வாகத்துக்குத் தெரிஞ்சா முதல்வர் பதவி என்ன, இருக்கிற வேலையே இருக்காது. ஆனா உள்ள வச்சு வச்சு எனக்கு நெஞ்சு வலியே வந்துருச்சு. நான் இன்னைக்கு வந்ததே இதுக்காகத்தான்." சொல்லிவிட்டு அவள் தன் தட்டில் தொடாமல் கிடந்த குலாப் ஜாமூனை எடுத்து, நீங்க எடுக்கலையே என்று சுகிர்தாவின் தட்டில் வைத்தாள். சொல்லாதே, என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் யாரோ காளீஸ்வரியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், குழுப்படம் எடுக்கிறார்களாம், அவள் போய்விட்டாள். கூப்பிடாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று சுகிர்தா நினைத்தாள். உடனே, இல்லை, கூப்பிட்டதும் அப்பாடா என்று இருந்ததே, அது ஏன் என்றும் நினைத்தாள்.

முன்பொரு வருடம் ஏற்காட்டில் நடந்த கூட்டத்தில் அவளும் இப்படித்தான் போய் உட்கார்ந்தாள். மூடுபனி, ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது, வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் நாற்பது பெண்கள். துறைத் தலைவர்கள், முதல்வர்கள், ஒரு பதிவாளர், எல்லோரும் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர்கள், அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மாமியார் கையை ஓங்கியதைச் சொன்னாள். ஒருத்தி தன் பெயர் போட வேண்டிய கட்டுரையில் துறைத் தலைவர் தன் பெயரைப் போட்டுக்கொண்டதைச் சொன்னாள். முறை சுகிர்தாவிடம் வந்தபோது, எதையோ பாடத்திட்டம் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள், வந்தது என்னவோ கணவர் ஜெயசீலனின் சிறுநீரகம். ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸ், விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கையில் விட்டுவிட்டு முதல் வகுப்புக்கு ஓடி வருவது, மத்தியானம் ஓடிப்போய்க் கூட்டிவருவது, கல்லூரியில் யாருக்கும் தெரியாது, தெரிந்தால் ஐயோ பாவம் என்று எல்லாக் குழுவிலிருந்தும் பெயரை எடுத்துவிடுவார்கள். சொன்னாள், அழுதாள். தெய்வநாயகி அம்மா எழுந்து வந்து தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற துணைவேந்தர், கூட்டமைப்பை ஆரம்பித்தவர், அந்தக் கையின் வெதுவெதுப்பும் சேலையிலிருந்த ஜவ்வாது வாசமும் பொய்யில்லை. இன்றைக்கு யோசித்தாலும் பொய்யில்லை. அதுதான் இதில் கசப்பு. அன்று சாயங்காலம் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பசித்தது. வெறும் நாடகம் என்றால் பசிக்குமா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அம்மாவின் அறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வட்டத்தில் சொல்லாத மிச்சத்தையும் சொன்னாள். சில நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, இவர் போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்று தோன்றுகிறது அம்மா. அம்மா திடுக்கிடவில்லை. எல்லாருக்கும் தோணும் கண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க, நீங்க சொன்னீங்க என்றார். கோயம்புத்தூர்க்காரர், எல்லோரையும் கண்ணு என்பார், எல்லோருக்கும் மரியாதை கொடுப்பார். அந்தக் கண்ணுவுக்காகவே எத்தனை பேர் அவருக்கு விசுவாசமாக இருக்கிறார்கள். தானும்தான். தான் மட்டும் என்ன.

தட்டைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பியபோது தெய்வநாயகி அம்மாவே எதிரில் வந்தார். "சாப்பிட்டீங்களா கண்ணு? வீட்டுக்காரர் எப்படி இருக்காரு? இன்னைக்கு வட்டம் உங்க கையில. உங்களை மாதிரி ஒருத்தர் நடத்தினாத்தான் புதுசா வந்தவங்களுக்கு வாய் திறக்கும்." தோளில் தட்டிவிட்டுப் போனார். வாய் திறக்கும். சென்னையில் துணைவேந்தர் பதவிக்கு நேர்காணல் நடந்த அந்த அறையில் கண்ணு இல்லை, டாக்டர் சுகிர்தா என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் தேடுதல் குழுவின் தலைவர், அரசுப் பிரதிநிதி, நடுவில் தெய்வநாயகி அம்மா. அம்மாவைப் பார்த்ததும் சுகிர்தாவுக்கு ஆற்றில் கால் தரை தட்டிய மாதிரி இருந்தது. ஆய்வு நிதி, ஆசிரியர் நியமனம், தேர்வு முறைகேடு, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், இழுக்காமல் சொன்னாள். குழுத் தலைவர் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். அப்புறம் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, டாக்டர் சுகிர்தா, உங்க கணவருக்குத் தொடர்ந்து டயாலிசிஸ் நடக்குது, துணைவேந்தர்ங்கிறது ராப்பகல் வேலை, இதை எப்படிச் சமாளிப்பீங்க என்று கேட்டார். அறையில் மற்ற இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். அவர்களுக்கு அதுவரை தெரியாது. கண்ணாடி டம்ளரின் மேல் வைத்திருந்த காகித மூடியைப் பார்த்துக்கொண்டே, நான் பார்த்துக்கொள்வேன் என்றாள். எதை, என்று அரசுப் பிரதிநிதி கேட்டார். பல்கலைக்கழகத்தையா, வீட்டுக்காரரையா? கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, சும்மா தமாஷுக்குத்தான் கேட்டார். மூவரும் சிரித்தார்கள். அவளும், பல் தெரியாமல். அதோடு முடிந்தது. அன்று சாயங்காலமே அம்மா போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்க கண்ணு. எப்படியும் யாராவது மோப்பம் பிடிச்சுக் கேட்டிருப்பாங்க. நானே கேட்டா நீங்க தைரியமா பதில் சொல்ல ஒரு வாய்ப்பா இருக்கும்னுதான் கேட்டேன். நீங்கதான் அந்த இடத்தில தடுமாறிட்டீங்க." இதையும் எத்தனை நாள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாயிற்று. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாரோ? நினைத்திருக்கலாம். அதற்கு முன்பே முடிவாகிவிட்ட ஒரு பெயருக்கு வழி விடுவதற்காகவும் கேட்டிருக்கலாம். இரண்டும் ஒரே மனதில் ஒரே சமயத்தில் இருந்திருக்கலாம், அதுதான் நடந்திருக்கும், தன் மனதில் இல்லையா, புருஷன் பிழைக்க வேண்டும் என்ற ஜெபமும் போய்ச்சேர்ந்தால் தேவலை என்ற நினைப்பும். பதவிக்கு வந்தவர் நல்ல மனிதர்தான், அவர் வீட்டில் பக்கவாதத்தில் படுத்த தாயார் இருக்கிறார். யாரும் அவரிடம் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டதாகத் தெரியவில்லை. நாளிதழில் அவரைப் பற்றி எழுதியபோது, படுக்கையில் இருக்கும் தாயைப் பேணியபடியே உயர்ந்தவர் என்று போட்டிருந்தார்கள். ஒரே நோய்ப்படுக்கை, அவருக்கு மாலை, தனக்குக் கேள்வி. கூட்டமைப்பின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் சுகிர்தாவுக்குப் பூங்கொத்துப் படம் அனுப்பினார்கள். இறுதிச் சுற்று வரை போனதே நமக்கெல்லாம் வெற்றி.

கைப்பையில் போன் அதிர்ந்தது. ஜெயசீலன்தான். டயாலிசிஸ் ஊசி இல்லாத கையில் பிடித்துப் பேசுவார், போன் காதிலிருந்து நழுவி நழுவிப் போகும். "சாப்பிட்டியா சுகி?" "சாப்பிட்டேன். நீங்க?" "சிஸ்டர் ரெண்டு இட்லி தந்தாங்க. அண்ணன் மவன்தான் கூட்டிட்டு வந்தான். இங்க டிவியில கிரிக்கெட் போட்டிருக்கான், நல்லா பொழுது போவுது. உன் பேச்சு எப்போ?" "இனிமேத்தான்." "பயப்படாத. நீ பேசினா யார் முன்னாடியும் பேசுவ." பின்னால் மிஷினின் கிர்ர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு, கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினாள். கண்ணாடியில் பார்த்தபடி, சொல்ல வேண்டியதை உதடு அசையாமல் ஒத்திகை பார்த்தாள். இங்கே சொல்வது இங்கேயே இருக்கும். இதுதான் நடத்துகிறவர் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம், ஏற்காட்டிலும் அதைச் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். அதை அவள் வாயால் சொல்லி, காளீஸ்வரி நம்பி, வீட்டில் இருக்கிற அந்த ஒன்றைக் கொட்டி, அடுத்த மாதம் அருப்புக்கோட்டையில் ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி கழற்றி வைக்கப்படும். முடியாது. அப்படியானால் சொல்லிவிடு, எழுந்து நின்று, நான் ஏற்காட்டில் சொன்னதைத் தெய்வநாயகி அம்மா சென்னையில் கேட்டார் என்று பெயரோடு சொல். சொன்னால்? அம்மா கோபப்பட மாட்டார். வருத்தப்படுவார். வருத்தத்தோடு யாரிடமாவது, பாவம் சுகிர்தா, மன அழுத்தம், ஒரு தடவை என் அறைக்கு வந்து புருஷன் செத்தால் தேவலைன்னுகூடச் சொல்லிச்சு என்பார். அக்கறையாகத்தான் சொல்வார். அது நாகர்கோவிலுக்கு எத்தனை நாளில் வந்து சேரும்? ஊசி இல்லாத கையில் போனைப் பிடித்துக்கொண்டு அவர் அதைக் கேட்பார். இல்லாவிட்டால் வடசேரியில் வீட்டு வாசலில் நின்று யாராவது சொல்வார்கள். அவர் ஒன்றும் கேட்க மாட்டார், அதுதான். சாப்பிட்டியா சுகி என்றுதான் அப்போதும் கேட்பார். குழாயை மூடினாள். மூடிய பிறகும் தண்ணீர் ஓடுகிற மாதிரியே காதில் இருந்தது. காளீஸ்வரியை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று வெளியே வந்து தேடினாள். எல்லோரும் மாடிக்குப் போய்விட்டிருந்தார்கள்.

இங்கேயும் நாற்பது நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். காளீஸ்வரி நேர் எதிரே, பை மடியில், கைக்குட்டையைத் தயாராக உள்ளங்கையில் மடித்து வைத்திருந்தாள். தெய்வநாயகி அம்மா தலையை ஒருபக்கம் சாய்த்து, ஆரம்பிங்க என்று கண்ணால் சொன்னார். சுகிர்தா எழுந்தாள். மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை. "இங்க சொல்றது இங்கயே இருக்கும்னு சொல்லி ஆரம்பிக்கிறது வழக்கம். நான் அப்படிச் சொல்லப்போறதில்ல. இருக்காது. நானும் ஒரு தடவை இப்படி ஒரு நாற்காலியில இருந்து என் வீட்டுக் கதையைச் சொன்னேன். அதே கதையை எங்கிட்ட ஒரு நேர்காணல்ல கேட்டாங்க. அந்த வேலை எனக்குக் கெடைக்கல." பழைய இழுப்பு அத்தனையும் வந்துவிட்டது, குரல் கடைசி நாற்காலி வரைக்கும் போயிற்று. "அதனால, சொல்றதுக்கு முன்னால யோசிச்சுக்கிடுங்க." யார் கேட்டது என்று யாரோ மெல்லக் கேட்டார்கள். பெயர் வாய்க்குள் இருந்தது. தெய்வநாயகி. நாக்குக்கும் பல்லுக்கும் நடுவில் முழுசாக இருந்தது. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் மிரட்டல் இல்லை, பயமும் இல்லை, ஏற்காட்டில் கட்டிலோரத்தில் பார்த்த அதே பார்வை. "அது யாரா இருந்தா என்ன" என்றாள் சுகிர்தா. பிறகு ஒரு ஜோடிக் கை தட்டியது. அம்மாதான். நின்றுகொண்டு தட்டினார். அதைப் பார்த்து எல்லோரும் எழுந்து தட்டினார்கள். "பாத்தீங்களா, இந்தத் தைரியத்தைத்தான் நாம வளர்க்கிறோம். நம்ம கூட்டத்துக்குள்ளயே தப்பு நடந்திருந்தா அதையும் எழுந்து நின்னு சொல்ற தைரியம். சுகிர்தா, ரொம்பப் பெருமையா இருக்குது கண்ணு." யாரோ படம் எடுத்தார்கள். சுகிர்தா உதட்டை மட்டும் விரித்துக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு வட்டம் சுற்றியது. ஒவ்வொருத்தியும் பெயர் சொன்னாள், கல்லூரி சொன்னாள், எத்தனை கட்டுரை என்று சொன்னாள், எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னாள். பேசும்போதே கண் மட்டும் பக்கத்து நாற்காலிகளை மேய்ந்தது, இவளாக இருக்குமோ, அவளாக இருக்குமோ என்று. காளீஸ்வரி முறை வந்தது. அவள் கைக்குட்டையைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். "காளீஸ்வரி. கணிதம். எல்லாம் நல்லாத்தான் போகுது" என்று உட்கார்ந்துவிட்டாள். உட்காரும்போது சுகிர்தாவை ஒரு பார்வை பார்த்தாள். நன்றி என்று எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வேறென்ன என்றும் பிடிபடவில்லை. விடிகாலை பஸ் ஏறி வந்தவள், சொல்ல ஒரே ஒரு இடம் இருக்கிறது என்று வந்தவள். அந்த இடத்தையும் அடைத்தாயிற்று. நல்லதுதானே செய்தேன், நல்லதுதான். சொன்னால் கெட்டாள், சொல்லாவிட்டால் நெஞ்சு வலி, எது நல்லது? இந்த நாற்பது பேரில் ஒருத்திகூட இன்றைக்கு அழவில்லை. கூட்டமைப்பு ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தடவையாக வட்டம் சீக்கிரம் முடிந்தது என்று செயலாளர் மகிழ்ச்சியாக அறிவித்தார். காபி கொடுத்தார்கள். நாலைந்து பேர் வந்து சுகிர்தாவின் கையைக் குலுக்கினார்கள். சூப்பர் மேடம் என்றார்கள். அவள் குனிந்து நாற்காலிக்கடியில் பையைத் தேடினாள், நிமிர்ந்தபோது காளீஸ்வரியின் நாற்காலி காலியாக இருந்தது.

படியில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டாள், மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கு ஒரே ஆட்டோவில் போகலாம் வாருங்கள் என்று கூப்பிடலாம், போகிற வழியில் பெயரைச் சொல்லிவிடலாம், ஒருத்தியிடம் சொல்ல முடியாதா என்ன. வாசலுக்கு வந்தபோது வெயில் முகத்தில் அறைந்தது. கண் கூசி ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. போர்ட்டிகோவில் தெய்வநாயகி அம்மாவின் வெள்ளைக் கார் கிளம்பிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் அம்மா, அம்மாவை ஒட்டிக் காளீஸ்வரி. வட்டத்தில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரில் எவளை நம்புவது என்று தெரியாமல், எல்லோருக்கும் மேலே இருக்கிறவரை நம்பியிருக்கிறாள். வேறு யாரிடம் போவாள்? தானாக இருந்தாலும் அந்தக் காரில்தான் ஏறியிருப்பாள். அவள் தலை அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தது, தோள் குலுங்குவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது, உதடு அசைந்துகொண்டே இருந்தது, அம்மாவின் கை அவள் தலைமுடியை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது. சுகிர்தா இரண்டு படி ஒன்றாக இறங்கி, நில்லுங்க, நில்லுங்க என்று கையைத் தூக்கினாள். கார்க் கண்ணாடி ஏற்றியிருந்தது. காளீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் நனைந்து, பல நாள் சுமையை இறக்கி வைத்தவளின் முகம். சுகிர்தா வழியனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டு, சிரித்து, கைக்குட்டை இருந்த கையைத் தூக்கி அசைத்தாள். கார் ரிங் ரோட்டில் ஏறிப் போய்விட்டது.